கண்ணாடி பாலிஷ் போட்ட எவர்சில்வர் தாம்பாளத்தை 3டி ஸ்கேன் பண்ண முடியல, நடுவுல ஓட்டையா வருது, என்ன வழி?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

எல்லாருக்கும் வணக்கங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன பட்டறை, தாம்பாளம், சீர்வரிசை தட்டு, பூஜை சாமான்னு எவர்சில்வர்ல பிரஸ் பண்ணி பஃப் அடிச்சு கடைங்களுக்கு குடுக்கறோம். அப்பா காலத்துல வந்த ஒரு தாம்பாளம் இருக்கு, நடுவுல பத்து அங்குலம் சமமா இருக்கும், அப்புறம் ஒரு வளைவு ஏறி விளிம்புல சுத்தி மாங்கா டிசைன் எம்போஸ், அதுக்கு இன்னைக்கும் ஆர்டர் வருது. ஆனா அந்த டை, அதாவது பிரஸ்ல வெக்கற அச்சு, தேஞ்சு போச்சு, டிராயிங் எதுவும் இல்ல, அதை வெட்டுன மேஸ்திரியும் இப்ப இல்ல. மிச்சம் இருக்கறது வீட்ல பத்திரமா வெச்சிருக்கற ஒரே ஒரு நல்ல பீஸ்தான், அதை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர் ஓட்டற சிஎன்சி மெஷின்ல புது டை வெட்டிக்கலாம்னு நெனச்சேன்.

தெரிஞ்சவர்கிட்ட இருந்து கையில பிடிச்சு ஓட்டற ஸ்கேனர் ஒண்ணு வாங்கி வந்து பாத்தேன், கோடு கோடா லைட் அடிக்கற டைப். மாங்கா டிசைன் இருக்கற இடம் சுமாரா வருது, நடு சமதளம் முழுக்க ஓட்டை, போதாததுக்கு தட்டுக்கு மேல காத்துல தூசி மாதிரி புள்ளிங்க மிதக்குது, அங்க ஒண்ணுமே கிடையாது. ஷட்டரை இறக்கி இருட்டாக்கி பாத்தேன், சாய்ச்சு வெச்சு பாத்தேன், வெளிச்சத்தை கூட்டி கொறச்சும் பாத்துட்டேன், அப்படியேதான் வருது.

ரெண்டாவது விஷயம், இப்ப ஓட்டற புது பீஸ்ல நடு சமதளம் மண்டபத்து லைட்டுக்கு கீழ அலை அலையா தெரியுதுன்னு ஒரு கடைக்காரர் சரக்கை திருப்பி விட்டுட்டார். டயல் கேஜ் வெச்சு இழுத்து பாத்தா முள்ளு அசையவே மாட்டேங்குது. ஆனா எங்க பஃப் மாஸ்டர் தட்டை டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சு லேசா திருப்பி, அதுல தெரியற லைட்டோட கோடு எங்க வளையுதுன்னு பாத்தே "இந்தா இங்க நெளிஞ்சிருக்கு"ன்னு விரல் வெச்சு காட்டிடறார், அதுவும் ஒவ்வொரு தடவையும் கரெக்டா. அவரு கண்ணுல பாக்கறதை அளவா, மைக்ரான்ல சொல்ல ஏதாவது முறை இருக்கா? பெரிய மெஷின் வாங்கற அளவுக்கு வசதி இல்லீங்க. அந்த பழைய பீஸ்ல கீறல் விழுந்துரக்கூடாது, அது ரொம்ப முக்கியம்.

சூரமங்கலம் அளவுகாரன்:

வணக்கம் அண்ணா. நான் அளவு எடுக்கற லேப்லதான் வேலை பாக்கறேன், பளபளப்பு ஐட்டம் வந்தாலே இந்த பிரச்சனைதான், உங்க ஸ்கேனர் மேல தப்பு இல்ல.

ஸ்கேனர் புரொஜக்டர்ல இருந்து ஒரு கோடு அடிக்குது, பொருள் மேல விழுந்த எடத்துல அது எல்லா பக்கமும் சிதறணும், சிதறுனாதான் வேற கோணத்துல இருக்கற கேமராவுக்கு அந்த கோடு தெரியும், ரெண்டு கோணத்தையும் வெச்சு முக்கோணக் கணக்கு போட்டு தூரம் வரும். சுண்ணாம்பு அடிச்ச செவுரு, பேப்பர், மரம் இதெல்லாம் சிதறடிக்கும். மிர்ரர் பாலிஷ் சிதறடிக்காது, வந்த லைட்டை ஒரே திசையில திருப்பி விட்டுரும். அந்த திசையில கேமரா இல்லேன்னா இருட்டு, அதான் உங்க ஓட்டை, இருந்துச்சுன்னா கேமராவுக்கு கண்ணு கூசிப் போயி அந்த இடமே வெள்ளையா வெந்துரும். மிதக்கற தூசியும் இதே கேஸ்தான், விளிம்பு வளைவுல பட்ட லைட் நடு தட்டுல பட்டு ரெண்டாவது தடவை திரும்பி கேமராவுக்கு வருது, ஸ்கேனருக்கு அது ரெண்டு தடவை திரும்புனது தெரியாது, நேரா வந்ததா நெனச்சு கணக்கு போட்டு காத்துல ஒரு புள்ளி வெச்சிருது. நீல லைட் ஸ்கேனர் வாங்குனா சரியாயிரும்னு விக்கறவங்க சொல்லுவாங்க, நீல லைட்டுல ரூம் வெளிச்சத்தை வடிகட்டறது சுலபம், அந்த லாபம் உண்மை, ஆனா கண்ணாடி கண்ணாடிதான், நீலத்தையும் அப்படியேதான் திருப்பும்.

டை வெட்டறதுக்கு வடிவம் மட்டும் போதும்னா ஸ்ப்ரே அடிங்க, வேற யோசனையே வேண்டாம். வெல்டிங்ல விரிசல் இருக்கான்னு சாயம் வெச்சு செக் பண்ற பெனட்ரன்ட் செட்டுல வெள்ளையா ஒரு டெவலப்பர் கேன் வரும்ல, அதுவே போதும், லேசா, தூரத்துல இருந்து, ரெண்டு மூணு வீச்சு. படியற லேயர் சில பத்து மைக்ரான் வரும், கொஞ்சம் மேடு பள்ளமாவும் இருக்கும், ஆனா கையில பிடிக்கற ஸ்கேனரோட பிழையே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இருக்கறதால பிரஸ் டைக்கு இது ஒரு விஷயமே இல்ல. கீறல் பயம் இருந்தா தானா ஆவியாகி போற ஸ்ப்ரே இருக்கு, அதுல சைக்ளோடோடெக்கேன்னு ஒரு மெழுகு மாதிரி பொருள் போடுவாங்க, திடமா படிஞ்சு அப்படியே காத்துல பறந்துரும், துடைக்கற வேலையே இல்ல. நம்ம ஊரு சூட்டுல சீக்கிரம் பறக்கும், அதனால அடிச்ச உடனே ஸ்கேனை முடிச்சுருங்க, ரூமுக்குள்ள காத்தோட்டமா மாஸ்க் போட்டு அடிங்க, பக்கத்துல பத்த வெச்ச அடுப்போ கேஸ் டார்ச்சோ எதுவும் இருக்கக்கூடாது. வெள்ளைப் பவுடர் டைப் அடிச்சீங்கன்னா துணி வெச்சு தேய்க்காதீங்க, தேய்ச்சாதான் கீறும், தண்ணி ஊத்தி கழுவி விட்டா போயிரும்.

இன்னொண்ணு, உருண்டை தட்டுல ஸ்கேனருக்கு தான் எங்க இருக்கோம்னே தெரியாம போயிரும், எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரே மாதிரிதான இருக்கு. தட்டை ஒரு பலகை மேல வெச்சு, பலகைல சுத்தி மார்க்கர் ஸ்டிக்கர் ஒட்டிக்குங்க, தட்டுல ஒட்ட வேண்டாம். ஸ்கேன் வந்ததும் அதை அப்படியே டையா வெட்டிராதீங்க. நீங்க எடுத்தது மேல் பக்கம், தகடு தடிமனை கழிச்சாதான் கீழ் பக்கம் வரும், பஃப்ல தேஞ்ச மாங்கா முனையெல்லாம் மழுங்கி இருக்கும் அதை சிஏடில, அதாவது கம்ப்யூட்டர் டிராயிங்ல, கூர் பண்ணணும், பிரஸ்ல இருந்து எடுத்ததும் தகடு கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும் பாருங்க, அதையும் சேத்து வளைவை கூட்டணும். இந்த மூணுமே ஸ்ப்ரே தடிமனை விட பல மடங்கு பெருசு.

குகை கொலுசு பட்டறை:

ஸ்ப்ரே அடிக்க மனசு வரலேன்னா அச்சு எடுங்க தம்பி. நாங்க கொலுசு டிசைனுக்கு மாஸ்டர் பீஸ்ல ரப்பர் மோல்டு எடுக்கறோம்ல அந்த மாதிரி, சூடு வெக்காம ரூம்லயே இறுகற சிலிகான் இருக்கு, தட்டு மேல ஊத்தி, உரிச்சு எடுத்தா மாங்காவோட நரம்பு வரைக்கும் வந்துரும். மினுங்காத மேட் நிறத்துல வாங்குனா அதையே ஸ்கேன் பண்ணலாம், பீஸுக்கு ஒரு சொட்டு சேதம் இல்ல. ஆனா பெரிய மோல்டு தொங்குச்சுன்னா வடிவம் மாறிரும், பின்னாடி பிளாஸ்டர் ஊத்தி பலம் குடுத்துட்டு அப்புறமா உரிங்க.

போட்டோ பிரியன் அஸ்தம்பட்டி:

ஏன் இவ்ளோ கஷ்டம், லைட்டுக்கு முன்னாடி ஒரு போலரைசர் (ஒரு திசையில அதிர்ற லைட்டை மட்டும் விடற ஃபில்டர்), லென்ஸுக்கு முன்னாடி ஒண்ணு குறுக்கா போட்டா பளபளப்பு பூரா போயிரும், நான் கண்ணாடி ஃபிரேம் போட்ட படமெல்லாம் அப்படித்தான் எடுக்கறேன், அப்படியே சுத்தி சுத்தி போட்டோ எடுத்து போட்டோகிராமெட்ரில (பல போட்டோவை ஒப்பிட்டு 3டி வடிவம் எடுக்கற முறை) போட்டுருங்க.

சூரமங்கலம் அளவுகாரன்:

@அஸ்தம்பட்டி நண்பா, அது பெயின்ட், பீங்கான், பிளாஸ்டிக், தோல் மாதிரி பொருளுக்கு அருமையா வேலை செய்யும். அதுல மேல்பரப்புல பட்டு திரும்பற லைட் போலரைசேஷனை மாத்தாம வரும், உள்ள போயி சிதறி வர்றது கலைஞ்சு வரும், குறுக்கு போலரைசர் முதல்ல சொன்னதை வெட்டிட்டு ரெண்டாவதை விடும். உலோகத்துக்கு உள்ள லைட் போறதே இல்ல, உள்ள போயி சிதறி வர்ற பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால பளபளப்பை வெட்டுனா மிச்சம் ஒண்ணுமே இல்ல, தட்டு கருப்பா தெரியும். போதாததுக்கு வழவழன்னு இருக்கற தட்டுல போட்டோகிராமெட்ரி பிடிச்சுக்க ஒரு புள்ளி, ஒரு கறை கூட இருக்காது. லைட்டை பல திசையில மாத்தி மாத்தி போட்டு சாய்வு கண்டுபிடிக்கற போட்டோமெட்ரிக் ஸ்டீரியோவும் அப்படித்தான், உட்ஹாம் 1980-ல எழுதுனது, அதோட அடிப்படை கணக்கே மேட் பரப்பை நம்பித்தான் இருக்கு.

ஏற்காடு மலைக்காரன்:

செவ்வாய்ப்பேட்டை தம்பிக்கு, உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் சொல்றேன், ஏன்னா எனக்கு அதுதான் உயிர். நான் ஏற்காட்டுல இருக்கேன், டெலஸ்கோப்புக்கு கண்ணாடி தேய்க்கறது என் வேலை நேரம் போக மிச்ச நேரம் பூரா.

உங்க பஃப் மாஸ்டர் பண்றது சின்ன விஷயம் இல்ல. அவரு தட்டை பாக்கல, தட்டுக்குள்ள தெரியற டியூப்லைட்டை பாக்கறார், அதான் மொத்த சூட்சுமமும். ராத்திரி ஏற்காடு ஏரிக்கரைல நின்னு பாத்தீங்கன்னா தண்ணி அசையறதே தெரியாது, ஆனா எதிர்க்கரை லைட்டோட பிம்பம் நீட்டி நெளிஞ்சு ஓடும். பரப்பு எவ்ளோ சாயுதோ அதுக்கு ரெண்டு மடங்கு திரும்பற லைட் சாயும், தூரம் போகப் போக அது பெருசாயிட்டே போகும். டயல் கேஜ் உயரத்தை பாக்குது, உங்க தட்டுல டயலுக்கு தெரியற அளவு உயரம் மாறல, சாய்வுதான் நல்லா மாறுது. பளபளப்பு பரப்புல லைட் நமக்கு சொல்றதே சாய்வைத்தான், அதை தொல்லைன்னு நெனச்சு மறைக்கக் கூடாது, அதையே அளவுகோலா எடுத்துக்கணும்.

கணக்கா சொல்றேன். 10 மில்லிமீட்டர் இடைவெளில ஒரு அலை, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் வெறும் 2 மைக்ரான்னு வைங்க. உங்க டயல்ல ஒரு கோடே 10 மைக்ரான், அதான் முள்ளு அசையல. ஆனா அந்த அலையோட அதிகபட்ச சாய்வு 0.63 மில்லிரேடியன் (ஒரு மில்லிரேடியன்னா மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சாய்வு), திரும்பற லைட் அதுக்கு ரெட்டிப்பா 1.26, ஒரு மீட்டர் தள்ளி ஒரு டிவி ஸ்கிரீன் இருந்தா அதுல 1.26 மில்லிமீட்டர் நகந்து தெரியும். 43 அங்குல ஃபுல் எச்டி டிவில ஒரு பிக்சல் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர், ஆக ரெண்டரை பிக்சல் நகருது. 2 மைக்ரான் அலை கண்ணுக்கே தெரியுது பாருங்க, கடைக்காரர் கண்ணும் அதைத்தான் பாத்திருக்கு.

இதுக்கு பேரு டிஃப்லெக்டோமெட்ரி. டிவில கருப்பு வெள்ளை பட்டை ஓட விடணும், பட்டை ஓரம் கூரா இல்லாம சைன் அலை மாதிரி மெதுவா மாறணும், கேமரா தட்டுல தெரியற அந்த பட்டையை படம் எடுக்கும். பட்டையை கால் பங்கு, கால் பங்கா நகத்தி நாலு படம். ஒவ்வொரு பிக்சலுக்கும் நாலாவதுல ரெண்டாவதை கழிச்சு, அதை ஒண்ணுல மூணை கழிச்சதால வகுத்து ஆர்க்டேன் போட்டா அந்த பிக்சல் டிவில பட்டையோட எந்த இடத்தை பாக்குதுன்னு வந்துரும், தட்டு ஒரு இடத்துல மங்கலா ஒரு இடத்துல பளிச்சுன்னு இருந்தாலும் கவலை இல்ல, கழிக்கறப்பயும் வகுக்கறப்பயும் அது அடிபட்டு போயிரும். நிக்கற பட்டை ஒரு செட், படுத்த பட்டை ஒரு செட், எத்தனாவது பட்டைன்னு குழம்பாம இருக்க அகலமான பட்டைலயும் ஒரு செட் எடுங்க. ஜெர்மனில எர்லாங்கன் யுனிவர்சிட்டில க்னாவர், காமின்ஸ்கி, ஹாய்ஸ்லர் 2004-ல இதை வளைஞ்ச கண்ணாடிப் பரப்புக்கெல்லாம் முழு அளவு முறையா எழுதுனாங்க. அமெரிக்கால அரிசோனா யுனிவர்சிட்டில ராட்சச டெலஸ்கோப் கண்ணாடிங்களை ஒரு எல்சிடி ஸ்கிரீன், ஒரு கேமரா வெச்சு செக் பண்ணி 2010-ல வெளியிட்டாங்க. இதோட வேர் இன்னும் பழசு, பிரான்ஸ் விஞ்ஞானி ஃபூக்கோ 1858-ல பிளேடு முனையை வெச்சு டெலஸ்கோப் கண்ணாடியை சோதிச்சார், நான் இன்னைக்கும் அதைத்தான் பண்றேன். போர்ச்சுகல் கண் டாக்டர் பிளாசிடோ 1880 வாக்குல வட்டம் வட்டமா வரைஞ்ச தகட்டை கண்ணுக்கு முன்னாடி புடிச்சு கருவிழில தெரியற வட்டம் கோணலா இருக்கான்னு பாத்தார், இன்னைக்கும் லேசர் ஆபரேஷனுக்கு முன்னாடி கண் ஆஸ்பத்திரில வட்ட வட்டமா லைட்டை பாக்க சொல்வாங்கல்ல, பல மெஷின்ல அதே தத்துவம்தான்.

உங்களுக்கு தேவை ஒரு டிவி, ஒரு கேமரா, ஒரு ஸ்டாண்டு, இருட்டு. தட்டுல இருந்து டிவியும் கேமராவும் ஒரே தூரத்துல இருந்தா டிவி தட்டை விட ரெண்டு மடங்கு பெருசா இருந்தாதான் முழுசும் அடங்கும். 43 அங்குல டிவி உயரம் 530 மில்லிமீட்டர் சொச்சம், பாதி 265, உங்க பத்து அங்குல சமதளம் 254, இடம் சரியா இருக்கு. கேமரா ஃபோகஸை தட்டு மேல வைங்க, டிவி பட்டை மேல வெக்காதீங்க, பட்டை மங்கலா தெரியும், தெரியட்டும், சைன் அலை மங்குனாலும் சைன் அலையாத்தான் இருக்கும், அதுக்காகத்தான் கூர் ஓரம் வேண்டாம்னேன்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

அண்ணா, மாமா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆவியாகற ஸ்ப்ரேவுக்கு சொல்லிட்டேன். ஏற்காடு சார் சொன்னதை வீட்டு டிவிலயே பண்ணி பாத்தேன், பட்டை படம் மட்டும் ஓட விட்டு, கணக்கு எதுவும் போடாம சும்மா போட்டோ எடுத்ததுலயே திருப்பி விட்ட பீஸ்ல பட்டை பாம்பா நெளியறது பட்டவர்த்தனமா தெரியுது, மாஸ்டர் காட்டுன அதே எடம். அவரு பாத்துட்டு போட்டோவை போனுக்கு அனுப்ப சொல்லி வாங்கிக்கிட்டார். அப்ப இதையே வெச்சு விளிம்பு வளைவு, மாங்கா எல்லாம் சேத்து மொத்த வடிவமும் எடுத்துர முடியாதா, ஸ்ப்ரே எதுக்கு? கணக்கு போட புரோகிராம் எங்க கிடைக்கும்?

ஏற்காடு மலைக்காரன்:

முடியாது தம்பி, ரெண்டு காரணம். வளைவு ஏறுன இடத்துல திரும்பற லைட் டிவியை தாண்டி செவுத்துக்கு போயிரும், மாங்காவோட சரிவெல்லாம் படம் பிடிக்கணும்னா தட்டை சுத்தி கூடாரம் மாதிரி ஸ்கிரீன் வேணும். ரெண்டாவது இன்னும் ஆழமானது. கேமரா பிக்சல் ஒண்ணு டிவில ஒரு புள்ளியை பாக்குதுன்னு தெரியும், ஆனா லைட் எந்த உயரத்துல பட்டு திரும்புச்சுன்னு தெரியாது, கொஞ்சம் மேல இருந்து கொஞ்சம் வேற சாய்வுல திரும்பியிருந்தாலும் அதே புள்ளிதான் தெரியும். உயரமும் சாய்வும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு. ரெண்டாவது கேமரா வெச்சு, ரெண்டுக்கும் ஒத்துப் போற உயரம் எதுன்னு தேடலாம், இல்ல தட்டுல ஒரு புள்ளியோட உயரத்தை கையால அளந்து குடுக்கலாம். உங்களுக்கு சமதளம் மட்டும்தான, தட்டு எந்த உயரத்துல இருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளந்தாலே போதும், சின்ன அலைக்கு அந்த பிழை பெருசா பாதிக்காது.

மொத்த வடிவத்துக்கு ஸ்ப்ரே போட்டு ஸ்கேனர், சின்ன அலைக்கு டிஃப்லெக்டோமெட்ரி, ஒண்ணோட வேலையை இன்னொண்ணுகிட்ட கேக்காதீங்க.

கருப்பூர் மாணவன்:

சார் நான் இங்க இன்ஜினியரிங் படிக்கறேன், மெஷின் விஷன்ல புராஜெக்ட் பண்றேன், புரோகிராம் பத்தி சொல்றேன். பைத்தான்ல ஓபன்சிவி, நம்பை ரெண்டும் போதும், ரெண்டும் ஃப்ரீ. செஸ் போர்டு பேட்டர்ன் பிரின்ட் பண்ணி பல கோணத்துல படம் எடுத்து கேமராவை முதல்ல காலிபரேட் பண்ணிக்கணும், அதாவது அதோட லென்ஸ் கணக்கை சரி பாத்துக்கணும். டிவி எங்க இருக்குன்னு கேமராவுக்கு நேரா தெரியாது, ஏன்னா ரெண்டும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு, அதுக்கு தட்டு இருக்கற எடத்துல ஒரு சமக் கண்ணாடி வெச்சு, டிவில செஸ் போர்டு படம் போட்டு, கண்ணாடில தெரியற அதோட பிம்பத்தை எடுக்கணும். வீட்டு முகக் கண்ணாடி வேண்டாம், அதுல வெள்ளிப் பூச்சு பின்னாடி இருக்கும், லைட் கிளாஸுக்குள்ள போயி வளைஞ்சு வரும், முன் பக்கம் பூச்சு இருக்கற கண்ணாடி வேணும், பழைய ஜெராக்ஸ் மெஷினை பிரிச்சா உள்ள நீளமா கிடைக்கும்.

டிவி செட்டிங்ல விவிட், டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருங்க. 0-ல இருந்து 255 வரைக்கும் உள்ள வெளிச்ச அளவுல நம்ம குடுக்கற 128-ஐ டிவி பாதி வெளிச்சமா காட்டாது, அதான் காமா, அதனால சைன் அலை சைனா வராது, ரிசல்ட்ல நெஜமாவே இல்லாத அலை வரும், அது பட்டையோட அகலத்துல நாலுல ஒரு பங்கு இடைவெளில சீரா வரும், அப்படி வந்தா தட்டு மேல பழி போடாதீங்க. முன்னாடியே வெளிச்சத்தை அளந்து திருத்தலாம், இல்ல நாலு படத்துக்கு பதிலா எட்டு எடுக்கலாம்.

சாய்வு வந்ததும் அதை கூட்டி கூட்டி உயரமா மாத்தணும், அதுக்கு ஃபிராங்கோட்–செல்லப்பா முறை 1988-ல வந்தது, அதுல செல்லப்பா நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டில படிச்ச ராமா செல்லப்பா, ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் போட்டு கொஞ்சம் வரில முடிஞ்சுரும். கூட்டும்போது சின்ன சின்ன பிழையும் சேந்து மொத்த தட்டும் கிண்ணமா வளைஞ்ச மாதிரி காட்டும், அதை நம்பாதீங்க, மென்மையான பெரிய வளைவை கழிச்சுட்டு மிச்சம் இருக்கற அலையை மட்டும் பாருங்க. சார் விருப்பப்பட்டா நான் பட்டறைக்கே வந்து செட் பண்ணி தர்றேன், என் புராஜெக்டுக்கும் உதவும்.

சூரமங்கலம் அளவுகாரன்:

தம்பி போகும்போது இதையும் கவனிங்க, தகடு மெலிசு, மேஜை மேல சும்மா வெச்சா மேஜையோட கோணலுக்கு ஏத்த மாதிரி தட்டு வளையும், அதையும் அலைன்னு அளந்துருவோம். மூணு புள்ளில உக்கார்ற மாதிரி தாங்கி பண்ணி, எப்பவும் அதே எடத்துல வைங்க. பஃப் அடிச்ச சூட்டோட எடுக்காதீங்க, ஆறட்டும்.

பிரஸ்ஸுக்கு அப்புறம் ஒண்ணு, பஃப்புக்கு அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டு நிலைலயும் அதே பீஸை எடுத்தா அலை எங்க உண்டாகுதுன்னு புடிச்சுரலாம். பிரஸ்ஸுக்கு அப்புறம் தட்டு அந்தளவு கண்ணாடியா இருக்காதேன்னு கேப்பீங்க, தட்டை நல்லா சாய்வா பாக்கற மாதிரி கேமராவையும் டிவியையும் தாழ்த்துங்க, சாய்வுல பாத்தா சொரசொரப்பு தகடும் கண்ணாடி மாதிரி திருப்பும். தகடு கம்பெனில இருந்து வர்றப்பவே ஓரளவு பளபளப்பா இருந்தா இன்னும் சுலபம். அலை நேர்கோடா ஒரே திசையில இருந்தா ரோல்ல வந்த தகட்டை பாருங்க, விளிம்பை ஒட்டி வட்ட வட்டமா இருந்தா பிரஸ்ல தகடை புடிக்கற வளையம் ஒரே மாதிரி அழுத்துதான்னு பாருங்க, அங்கங்க திட்டு திட்டா இருந்தா பஃப்ல ஒரே எடத்துல ரொம்ப நேரம் அழுத்தி சூடு ஏறுதான்னு பாக்கணும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

கருப்பூர் தம்பி, ஞாயித்துக்கிழமை வாங்க, அன்னைக்கு பிரஸ் ஓடாது, தரை அதிராது. ஜெராக்ஸ் கண்ணாடி நான் லீ பஜார் பக்கம் பழைய சாமான் கடைல கேட்டு வெக்கறேன். திரும்பி வந்த பீஸ் எல்லாம் தனியா அடுக்கி வெச்சிருக்கேன், அலை வட்டமாத்தான் இருக்குன்னு மாஸ்டர் சொல்றார், வளையத்தை கழட்டி பாத்துட்டு போடறேன்.